துருக்கி மீதுள்ள கோபத்துக்கு ஆர்மீனியரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்மீனியா–துருக்கி உறவு பற்றி உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை போன வழி எனக்கு ஒப்பவில்லை. அது இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, இது கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் காலங்காலமாக இருந்துவரும் பகை. இரண்டு, துருக்கி பாகிஸ்தானின் தோழன், ஆர்மீனியா நம்மிடம் பினாகா ராக்கெட்டும் சுவாதி ரேடாரும் வாங்குகிற நாடு, ஆகவே நாம் ஆர்மீனியா பக்கம் நிற்க வேண்டும். இந்த இரண்டுமே தவறு என்பது என் கருத்து, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 மே மாதம் நடந்த மோதலில் துருக்கி வெளிப்படையாகப் பாகிஸ்தான் பக்கம் நின்றதும், அதற்கப்புறம் இங்கே துருக்கிச் சுற்றுலா வேண்டாம், துருக்கி ஆப்பிள் வேண்டாம் என்று கிளம்பியதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் திடீரென்று 1915-ஐ, துருக்கியின் முந்தைய வடிவமான ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்ட அந்த வருடத்தை, தூசி தட்டி எடுத்து "பார், இவர்கள் எப்படிப்பட்டவர்கள்" என்று காட்டுவது செத்துப்போனவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. மே மாதத்துக்கு முன்பு அந்த மனிதர்கள் நம் நினைவில் இல்லை, நாளைக்கே துருக்கியோடு ராசியாகிவிட்டால் மறுபடியும் மறந்துவிடுவோம். இத்தனைக்கும் இந்திய அரசு இன்றுவரை அதை அதிகாரபூர்வமாக இனப்படுகொலை என்று அங்கீகரிக்கவில்லை, இதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

மதப் பகை என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். ஆர்மீனியாவுக்கு எல்லையில் உள்ள நல்ல அண்டைவீட்டார் யார்? ஈரான், ஷியா இஸ்லாமியக் குடியரசு. ஆர்மீனியாவோடு போரிட்ட முஸ்லிம் நாடான அஜர்பைஜானுக்கு ஆயுதம் விற்றவர்களில் முக்கியமானவர் யார்? இஸ்ரேல். அஜர்பைஜானின் எண்ணெய்க் குழாயும் பாகு–திபிலிசி–கார்ஸ் ரயில் பாதையும் ஆர்மீனியாவைச் சுற்றிக்கொண்டு எந்த நாட்டின் வழியாகத் துருக்கிக்குப் போகின்றன? கிறிஸ்தவ நாடான ஜார்ஜியா வழியாக. பல ஆண்டுகளாக ஆர்மீனியா என்ற நாட்டையே அங்கீகரிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பாகிஸ்தான்கூட 2025 ஆகஸ்ட் கடைசியில் அதனுடன் தூதரக உறவு தொடங்கிவிட்டது. எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்குப்படி இனிமேல் நாம் ஆர்மீனியாவை எந்த வரிசையில் வைப்பது?

பழைய வரலாற்றுக்குப் போனால் இந்த மதப் பகைக் கதை இன்னும் நிற்காது. 1908 ஜூலையில், சுல்தானின் ஆட்சியை எதிர்த்த இளம் துருக்கியர் இயக்கத்தின் புரட்சி நடந்து, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது முப்பது ஆண்டுகளாக முடக்கி வைத்திருந்த அரசியல் சட்டம் திரும்ப வந்தபோது, இஸ்தான்புல் தெருக்களில் முல்லாக்களும் பாதிரியார்களும் கட்டித்தழுவிக் கொண்டார்கள். 1894 முதல் 1896 வரை அந்தச் சுல்தானின் ஆட்சியில் கொல்லப்பட்ட ஆர்மீனியர்களுக்காகத் துருக்கியர்களும் கல்லறைக்குப் போய் அஞ்சலி செலுத்தினார்கள். ஆர்மீனியர்களின் பெரிய புரட்சிக் கட்சியான தாஷ்னாக், இளம் துருக்கியரின் 'ஒன்றியமும் முன்னேற்றமும்' குழுவோடு கூட்டணி வைத்தது. அடுத்த வருடமே தெற்கே அதானா நகரில் ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் கொல்லப்பட்ட பிறகும் அந்தக் கூட்டணி உடனே முறியவில்லை. ஏழே வருடத்தில் அதே குழுவின் தலைவர்கள் அந்த மக்களைப் பாலைவனத்துக்குத் துரத்தினார்கள். ஆயிரம் வருடப் பகை என்று சொல்லிவிட்டால் இந்த ஏழு வருடத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. நாம் படிக்க வேண்டியதே அந்த ஏழு வருடத்தைத்தான்.

நடந்தது இதுதான். 1912–13 பால்கன் போர்களில் ஒட்டோமான் பேரரசு ஐரோப்பாவில் இருந்த நிலத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்தது. இளம் துருக்கியர் இயக்கத்தின் தாய்வீடான, இன்று கிரேக்கத்தில் உள்ள சலோனிகாவே கைவிட்டுப் போனது. அங்கிருந்து விரட்டப்பட்ட லட்சக்கணக்கான முஸ்லிம் அகதிகள் இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனதோலியாவுக்கு வந்து சேர்ந்தார்கள், அவர்கள் பட்ட பாடும் பொய்யில்லை. இளம் துருக்கியர் கட்சித் தலைவர்கள் பலருக்கும் சொந்த ஊரே பறிபோயிருந்தது. 1913 ஜனவரியில் துப்பாக்கியோடு மந்திரிசபைக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்தார்கள். தலாத், என்வர், ஜெமால் ஆகிய மூன்று பாஷாக்கள் கையில் அதிகாரம் வந்தது. எல்லா இனத்தாரும் சேர்ந்த ஒட்டோமான் குடிமக்கள் என்ற பேச்சு அதோடு போயிற்று. அதன் இடத்தில் ஜியா கோகல்ப் போன்ற சிந்தனையாளர்கள் வளர்த்தெடுத்த, துருக்கிய இனமே முதன்மை என்ற துருக்கியம் வந்து உட்கார்ந்தது. வியாபாரம், கைத்தொழில் எல்லாம் இனி முஸ்லிம் துருக்கியர் கைக்கு வர வேண்டும், தேசியப் பொருளாதாரம் வேண்டும் என்றார்கள். மிஞ்சியிருக்கும் அனதோலியாவையும் பால்கன் மாதிரி இழந்துவிடுவோம் என்ற பயம் வேறு. 1914 பிப்ரவரியில் வல்லரசுகள் நெருக்கி, ஆர்மீனியர் வாழும் கிழக்கு மாகாணங்களுக்கு இரண்டு ஐரோப்பிய மேற்பார்வையாளர்கள் என்று ஒரு சீர்திருத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியபோது அந்தப் பயம் இரட்டிப்பானது.

அப்புறம் முதல் உலகப் போர். என்வர் பாஷா கடும் பனியில் சரிகாமிஷ் மலைகளுக்குப் படையைக் கொண்டுபோய் ரஷ்யர்களிடம் தோற்றார். குளிரிலேயே பல்லாயிரம் சிப்பாய்கள் செத்தார்கள். தோல்விக்கு ஒரு துரோகி வேண்டியிருந்தது. ரஷ்யப் பக்கம் ஆர்மீனியத் தொண்டர் படைகள் இருந்தது உண்மை. அதற்காக ஒட்டோமான் படையில் இருந்த ஆர்மீனியச் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பிடுங்கிக் கூலிவேலைக்கு அனுப்பினார்கள், பிறகு அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். 1915 ஏப்ரல் 24 இரவு இஸ்தான்புல்லில் ஆர்மீனிய எழுத்தாளர், பத்திரிகையாளர், ஆசிரியர், மருத்துவர் என்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்து உள்நாட்டு ஊர்களான ஆயாஷுக்கும் சாங்கிரிக்கும் அனுப்பினார்கள். மே மாதக் கடைசியில் நாடுகடத்தல் சட்டம் வந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும், கிரிகோர் ஸோஹ்ராப். வக்கீல், அருமையான சிறுகதை எழுத்தாளர், 1908 முதல் ஒட்டோமான் நாடாளுமன்ற உறுப்பினர். 1909-இல் இளம் துருக்கியருக்கு எதிராகக் கலகம் வெடித்து அவர்களைத் தேடித்தேடிக் கொன்றபோது, அந்தக் கட்சியின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான ஹலீல் பேயைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர். தலாத்தோடு கிளப்பில் சீட்டாடும் அளவுக்குப் பழக்கம். ஏப்ரல் கைதுகளுக்குப் பிறகு அவர் தலாத்திடமே நேரில் போய் இதற்கெல்லாம் ஒருநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று வாதாடினார். சில வாரங்களில் அவரையும் பிடித்தார்கள். சக ஆர்மீனிய எம்.பி. வார்ட்கெஸோடு சேர்த்துத் தெற்கே அனுப்பினார்கள், உர்ஃபாவுக்கு அருகே ஒரு கும்பல் அவரைக் கொன்றது. பேரரசைப் பிரிக்கக் கிளம்பிய ஆளில்லை அவர். அதே பேரரசின் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டம் பேசியவர், துருக்கிய நண்பரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தவர். கலகக்காரர்களை மட்டும்தான் அப்புறப்படுத்தினோம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு மரணமே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

மக்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை விலாவாரியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆண்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்வது, பெண்களையும் பிள்ளைகளையும் சிரியப் பாலைவனத்தை நோக்கி, டெய்ர் எஸ்ஸோர் வரை நடக்க வைப்பது, வழியெல்லாம் பசி, நோய், கொள்ளை, ஆட்கடத்தல். செத்தவர் தொகை 15 லட்சம் என்கிறார்கள் ஆர்மீனியர்கள். ஆய்வாளர்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் 6 லட்சத்துக்கும் 15 லட்சத்துக்கும் இடையில் நிற்கின்றன. போனவர்கள் விட்டுச்சென்ற வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் என்ன செய்வது என்று தனிச் சட்டமே போட்டார்கள். துருக்கி ஜனாதிபதிகள் பல பத்தாண்டுகள் குடியிருந்த அங்காராவின் சாங்காயா மாளிகை இருக்கிறதே, அது கசாபியான் என்ற ஆர்மீனியக் குடும்பத்தின் தோட்ட வீடு இருந்த இடம். இன்று துருக்கி முழுவதிலும் மிஞ்சியிருக்கும் ஆர்மீனியர்கள் சுமார் 50,000 முதல் 60,000 பேர்தான், அதுவும் பெரும்பாலும் இஸ்தான்புல்லில்.

உங்கள் கட்டுரையாளர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அலெப்போ கவர்னராக இருந்த மெஹ்மத் ஜெலால் பே நாடுகடத்தல் உத்தரவை ஏற்க மறுத்தார், கோன்யாவுக்கு மாற்றினார்கள், அங்கேயும் தன் பதவி போகும்வரை முடிந்த மட்டும் மக்களைப் போகவிடாமல் தடுத்தார். லிஜே என்ற ஊரின் அதிகாரி ஹுசைன் நெசிமி இந்தப் பாவத்தில் பங்கெடுக்க மாட்டேன் என்றதற்காகக் கொல்லப்பட்டார். தெர்சிம் பகுதி மக்கள் தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். மெக்காவின் ஷரீஃப் ஹுசைன் 1917-இல், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பது போல ஆர்மீனியர்களைக் காப்பாற்றுங்கள் என்று அரபு இளவரசர்களுக்கு எழுதினார். இவர்கள் அத்தனை பேரும் முஸ்லிம்கள். கொன்றவர்களிலும் குர்துகள், சர்க்காசியர்கள், துருக்கியர்கள் என்று முஸ்லிம்கள் இருந்தார்கள், அவர்கள் ஒரு கட்சியும் ஒரு அரசும் கொடுத்த உத்தரவின் பேரில், கொள்ளைப் பங்குக்கு ஆசைப்பட்டு அதைச் செய்தார்கள். மதத்தின் மேல் பழியைப் போட்டால் உத்தரவு போட்டவன் தப்பித்துக்கொள்கிறான், மறுத்தவனுக்கு வரலாற்றில் இடமில்லாமல் போகிறது.

இன்னொன்று. இந்தக் குற்றத்தை முதலில் விசாரித்தது மேற்கத்திய நாடுகள் இல்லை. போரில் தோற்றதும் மூன்று பாஷாக்களும் ஜெர்மன் கப்பலில் ஏறி ஓடிவிட்டார்கள், 1919-இல் இஸ்தான்புல்லில் ஒட்டோமான் ராணுவ நீதிமன்றமே வழக்கு நடத்தி, ஜூலை மாதம் அவர்கள் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. கெமால் பே என்ற மாவட்ட அதிகாரியை அதே வருடம் ஏப்ரலிலேயே பொது இடத்தில் தூக்கிலிட்டார்கள். ஆக, துருக்கியரே துருக்கியரை விசாரித்து, துருக்கி மொழியில் தீர்ப்பு எழுதினார்கள். நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் நடந்த விசாரணை அது, அதனால் செல்லாது என்று பிறகு சொன்னார்கள். கெமால் பேயை 1922-இல் அங்காரா நாடாளுமன்றம் தேசியத் தியாகியாக அறிவித்தது. தலாத்தை 1921 மார்ச்சில் பெர்லின் தெருவில் சோகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார், ஜெர்மன் ஜூரி அவரை விடுதலை செய்தது. அந்தத் தலாத்தின் எலும்புகளை 1943-இல், ஹிட்லர் ஆட்சி நடக்கும்போது, பெர்லினிலிருந்து வரவழைத்து இஸ்தான்புல்லில் அரசு மரியாதையோடு புதைத்தார்கள். நாடுகடத்தலை நிர்வகித்த அலுவலகத்தின் தலைவராக இருந்த ஷுக்ரு காயா, குடியரசில் பத்து வருடத்துக்கு மேல் உள்துறை அமைச்சராக இருந்தார்.

துருக்கி ஏன் இன்றும் மறுக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. நஷ்டஈடு கேட்பார்கள், நிலம் கேட்பார்கள் என்ற பயம் ஒருபக்கம். ஆனால் அதைவிட ஆழமானது, குடியரசைக் கட்டியவர்களில் பலர் அந்தப் பழைய கட்சிக்காரர்கள், 1920 செவ்ர் ஒப்பந்தத்தில் நாட்டையே கூறுபோட வந்த வல்லரசுகளைத் துரத்தி 1923 லோசான் ஒப்பந்தத்தை வாங்கியவர்கள் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். அந்தத் தாத்தாக்கள் கொலைக்கும் உடந்தை என்று ஏற்பதென்றால் வீட்டின் அஸ்திவாரத்தையே தோண்டுவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. இதை நியாயப்படுத்த நான் சொல்லவில்லை. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் திட்டுவதால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆர்மீனியர் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1970-களிலும் 80-களிலும் அசாலா போன்ற ஆர்மீனிய ஆயுதக் குழுக்கள் முப்பதுக்கும் மேற்பட்ட துருக்கித் தூதரக அதிகாரிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் கொன்றன. 1983-இல் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் வரிசையில் நின்ற சாதாரணப் பயணிகள் மேல் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் 1915-இல் பிறந்துகூட இராதவர்கள். அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கராபாக் பகுதிக்காக நடந்த போரில் 1992 பிப்ரவரியில் கோஜாலியில் ஆர்மீனியப் படைகள் நூற்றுக்கணக்கான அஜர்பைஜானியப் பொதுமக்களைக் கொன்றன, கராபாக்கைச் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களைப் பிடித்து லட்சக்கணக்கானவர்களை அகதிகளாக்கின. அதற்கு முன்பு அஜர்பைஜான் நகரங்களான சும்காயித்திலும் பாகுவிலும் ஆர்மீனியர்கள் வேட்டையாடப்பட்டதும் உண்மை. பாதிக்கப்பட்ட இனம் என்பதால் பிறகு செய்வதெல்லாம் தர்மமாகிவிடாது.

இவ்வளவுக்கும் நடுவில் நின்று நிஜமாகப் பேசியவர் ஹிராந்த் டிங்க். மலாத்யாவில் 1954-இல் பிறந்த துருக்கி ஆர்மீனியர், இஸ்தான்புல்லில் அநாதை விடுதியில் வளர்ந்தவர். கோடையில் துஸ்லா கடற்கரையில் விடுதிப் பிள்ளைகளே மண் சுமந்து கட்டிய முகாமில் இருந்தார், தன் மனைவி ராகெலைச் சந்தித்ததும் அங்கேதான். பிள்ளைகள் கையால் கட்டிய அந்த முகாமை அரசு பிடுங்கிக்கொண்டது. அப்படிப்பட்டவர் வெறுப்பு வளர்த்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அவர் 1996-இல் அகோஸ் என்ற வார இதழைத் துருக்கி மொழியிலும் ஆர்மீனிய மொழியிலுமாகத் தொடங்கினார், பக்கத்து வீட்டுத் துருக்கியரும் படிக்க வேண்டும் என்பதற்காக. நடந்தது இனப்படுகொலை என்று துருக்கியில் உட்கார்ந்து சொன்னார், துருக்கியத்தன்மையை அவமதித்தார் என்று 301-ஆம் சட்டப்பிரிவில் தண்டிக்கப்பட்டார். அதே சமயம் வெளிநாட்டு ஆர்மீனியரிடம், துருக்கியர் மேல் உள்ள ஆத்திரத்தை விடுங்கள், அது உங்கள் ரத்தத்தையே கெடுக்கிறது என்றார். 2006-இல் பிரான்சில் இனப்படுகொலையை மறுப்பதே குற்றம் என்று சட்டம் கொண்டுவர முயன்றபோது, அந்தச் சட்டம் வந்தால் நானே பிரான்சுக்குப் போய் அதை மீறுவேன் என்றார். யாரையும் திருப்திப்படுத்தப் பேசாத மனிதர்.

2007 ஜனவரி 19 அன்று பத்திரிகை அலுவலக வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவனுக்கு வயது 17. நடைபாதையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த உடலின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், துணிக்கு வெளியே தெரிந்த ஷூவின் அடியில் ஓட்டை. பிடிபட்ட பையன் துருக்கிக் கொடியோடு நிற்க, பக்கத்தில் காவல்துறையினர் நின்ற படமும் பிறகு வெளியே வந்தது. ஆனால் இறுதி ஊர்வலத்தில் லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலானவர்கள் துருக்கியரும் குர்துகளும், "நாமெல்லோரும் ஹிராந்த் டிங்க், நாமெல்லோரும் ஆர்மீனியர்" என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு. ராகெல் அங்கே பேசும்போது அந்தப் பையனைச் சபிக்கவில்லை. ஒரு குழந்தையைக் கொலைகாரனாக்கிய இருட்டைக் கேள்வி கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்றார். அடுத்த வருடம் துருக்கி அறிவுஜீவிகள் தொடங்கிய மன்னிப்புக் கடிதத்தில் சுமார் 30,000 துருக்கியர்கள் கையெழுத்திட்டார்கள். துருக்கி என்றால் ஜனாதிபதி எர்டோகன் மட்டும்தான் என்று எழுதும்போது இந்த மனிதர்களையும் சேர்த்து அடித்துவிடுகிறோம், அது என்னை உறுத்துகிறது.

இனி எல்லை விஷயம். 1991 டிசம்பரில் ஆர்மீனியாவின் சுதந்திரத்தைத் துருக்கி அங்கீகரித்தது, ஆனால் தூதரக உறவு வைக்கவில்லை. 1993 ஏப்ரலில் ஆர்மீனியப் படைகள் கராபாக்கை ஒட்டிய கெல்பஜார் மாவட்டத்தைப் பிடித்ததும் எல்லையை மூடியது. துருக்கியின் கார்ஸுக்கும் ஆர்மீனியாவின் கியும்ரிக்கும் ஓடிய ரயில் அன்று நின்றது. இரு நாட்டுக்கும் நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை இருக்கிறது, ஆனால் இஸ்தான்புல் சரக்கு ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்குப் போக ஜார்ஜியா வழியாகச் சுற்ற வேண்டும். ஆர்மீனியரின் இடைக்காலத் தலைநகரான ஆனியின் இடிந்த கோயில்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், துருக்கியில் நிற்கின்றன. அரராத் மலையும் அப்படியே, யெரெவான் மாடியிலிருந்து தினமும் கண்ணுக்குத் தெரியும், போய்த் தொட முடியாது.

2008 செப்டம்பரில் துருக்கி ஜனாதிபதி அப்துல்லா குல் கால்பந்து பார்க்க யெரெவானுக்குப் போனார். அடுத்த வருடம் அக்டோபரில் ஜூரிச்சில், உறவைச் சீராக்க இரண்டு நெறிமுறைகளில் கையெழுத்தானது. அஜர்பைஜான் கோபித்துக்கொண்டது, கராபாக் தீராமல் முடியாது என்று துருக்கி பின்வாங்கியது, இரண்டு நாடாளுமன்றமுமே ஒப்புதல் தரவில்லை, 2018-இல் ஆர்மீனியா அவற்றை ரத்து செய்தது. அந்த நாட்களில் கார்ஸ் நகரில் மெஹ்மத் அக்ஸோய் என்ற சிற்பி ஒரு பெரிய சிலை வைத்துக்கொண்டிருந்தார், ஒரே மனிதன் இரண்டாகப் பிளந்து எதிரெதிரே நிற்பது போல, சமாதானத்துக்காக. 2011-இல் எர்டோகன் அங்கே வந்து பார்த்துவிட்டு விகாரம் என்றார், சில மாதங்களில் அதை அறுத்துத் துண்டு துண்டாக இறக்கினார்கள். சிலைக்கு நீட்டிய கை பொருத்தும் வேலை முடியவே இல்லை.

2020-இல் 44 நாள் போரில் துருக்கியின் பைரக்தார் டிரோன்கள் அஜர்பைஜானுக்குக் கைகொடுத்தன. "ஒரே தேசம், இரண்டு அரசுகள்" என்பது அவர்கள் வெகுநாளாகச் சொல்லிவரும் முழக்கம். 2023 செப்டம்பரில் ஒரே நாள் தாக்குதலில் கராபாக் வீழ்ந்தது, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் காரிலும் டிராக்டரிலும் கிளம்பி வந்துவிட்டார்கள். அதைப் பற்றி இங்கே எத்தனை தலையங்கம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதே வருடம் பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் வந்தபோது ஆர்மீனியா மீட்புப் படையை அனுப்பியது, எல்லையில் உள்ள மார்கரா பாலத்தை முப்பது வருடத்துக்குப் பிறகு திறந்து நிவாரண லாரிகள் துருக்கிக்குள் போயின. 1988-இல் 25,000 பேரைப் பூகம்பத்துக்குப் பறிகொடுத்த நாடு அது, அந்த வலி என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது பிரதமர் நிகோல் பாஷின்யான் "நிஜ ஆர்மீனியா" என்று பேசுகிறார். இழந்து இன்று துருக்கியில் இருக்கும் மேற்கு ஆர்மீனியாவை நினைத்து ஏங்குவதை விட்டு, கையில் இருக்கும் 29,743 சதுர கிலோமீட்டரைக் காப்பாற்றுவோம் என்பது அதன் சாரம். எல்லை முத்திரையிலிருந்து அரராத் படத்தையே எடுக்க முடிவு செய்தார். இனப்படுகொலைக்கு உலக அங்கீகாரம் தேடுவது வெளியுறவுக் கொள்கையில் முதலிடத்தில் இல்லை என்று துருக்கிப் பத்திரிகையாளர்களிடமே சொன்னார். 2025 ஜூனில் இஸ்தான்புல்லில் எர்டோகனைச் சந்தித்தார், ஆகஸ்டில் வாஷிங்டனில் அஜர்பைஜான் ஜனாதிபதி அலியேவோடு அமர்ந்தார். வெளிநாட்டு ஆர்மீனியர்களும் தாஷ்னாக் கட்சியினரும் இதைத் துரோகம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், எல்லையைத் திறக்கப் பாஷின்யான் எடுக்கும் முயற்சி சரி. லாஸ் ஏஞ்சலிஸிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு கியும்ரிக்காரனைக் காலம் முழுக்க மூடிய கதவுக்குப் பின்னால் இரு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முதல் ஜனாதிபதி லெவோன் டெர்-பெட்ரோசியானும் 1990-களில் இதையேதான் சொன்னார், அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் கதவைத் திறக்கக் கூலியாக ஞாபகத்தைக் கேட்பது வேறு. ஆர்மீனியாவின் 1990 சுதந்திரப் பிரகடனம் 1915-ஐ இனப்படுகொலை என்று குறிப்பிடுகிறது, அரசியல் சட்ட முன்னுரை அந்தப் பிரகடனத்தைச் சுட்டுகிறது. கராபாக் இணைப்பும் அதே பிரகடனத்தில் வருவதால் சட்டத்தையே மாற்று என்று அஜர்பைஜான் நிபந்தனை போடுகிறது. நிலம் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வதில் நியாயம் இருக்கலாம், செத்தவர்களைப் பற்றிப் பேசாதே என்பதில் எந்த நியாயமும் இல்லை.

கடைசியாக நம் பக்கம். நூறு வருடத்துக்கு முன்பும் இந்தியா இதே கணக்கைத்தான் போட்டது. பிரிட்டன் நம் எதிரி, பிரிட்டனோடு மோதுவது துருக்கி, ஆகவே கிலாபத் இயக்கம். காந்தி உட்படப் பலரும் சுல்தான்-கலீஃபாவுக்காகக் குரல் கொடுத்தார்கள். ஆர்மீனியர்கள் அந்த மேடைகளில் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கடைசியில் 1924 மார்ச்சில் கலீஃபா பதவியைத் துருக்கியே ஒழித்துவிட்டது. இன்று கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அவர்களை மேடை ஏற்றுகிறோம், முறை அதே முறைதான்.

நமக்கு ஆர்மீனியரோடு உறவு கொண்டாட ஆயுத வியாபாரம் தேவையே இல்லை. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான அஸ்தரார் 1794-இல் சென்னையில்தான் அச்சானது, ஹருத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார் நடத்தியது. சென்னை வியாபாரி ஷாஹாமீர் ஷாஹாமீரியான், சொந்த நாடே இல்லாத காலத்தில், வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கு 521 பிரிவுகளில் ஒரு அரசியல் சட்டம் எழுதி இங்கிருந்தே அச்சிட்டார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பழைய பாலத்தைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். அரண்மனைக்காரத் தெருவில் அவர்களுடைய தேவாலயம் இன்றும் இருக்கிறது, உயர்நீதிமன்றத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த கட்டுரையில் "முஸ்லிம்–கிறிஸ்தவப் பகை" என்ற தலைப்பைத் தயவுசெய்து போடாதீர்கள், 1908-க்கும் 1915-க்கும் இடையில் நடந்ததை எழுதுங்கள், ஜெலால் பேயின் பெயரையும் சேர்த்து. இரண்டாவது, ஏப்ரல் 24 ஒவ்வொரு வருடமும் வருகிறது. துருக்கியோடு நமக்குச் சண்டை இருக்கிற வருடம் மட்டும் இல்லாமல், உறவு நன்றாக இருக்கிற வருடத்திலும் அன்று உங்கள் நடுப்பக்கத்தில் இரண்டு பத்தி இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
சென்னை